அண்ணன் மாட்டிய பழைய டர்போ

இந்த நினைவு மலரை வாங்கிய கையோடு அண்ணன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொல்லி எடுத்த படம். அதில் இருப்பது அண்ணனுடைய சிரிப்பு இல்லை. அவர் சிரிப்பு ஒரு மலையேற்றத்தில் பிறந்தது. பந்திக்கு இன்னும் நேரமிருந்தால், ஊர் திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், தங்கை நான் எழுதுவதைக் கொஞ்சம் வாசியுங்கள். அண்ணன் போய் ஒரு வருடம். இன்னும் ரோட்டில் லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டால் வாசல் பக்கம் என் தலை திரும்பிவிடுகிறது.

அண்ணன் பிறந்தது மம்சாபுரத்தில். எங்கள் ஐயா ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுமிடத்தில் பாரம் ஏற்றினார். வெள்ளைத் தூசி படிந்த தலையோடு வருவார், வெள்ளைத் தூசியையே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அதன்பின் அண்ணன் பள்ளிக்கூடம் போகவில்லை. லாரிக்குப் போனார். என்னைப் படிக்கவைத்தார். எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவர், லேத் பட்டறை வைத்திருந்த என் வீட்டுக்காரரிடம் குலம் கோத்திரம் விசாரித்ததைவிட அவர் நகத்தைப் பார்த்ததுதான் அதிகம். "நகத்துக்குள்ள மசகு இருக்கு தாயி. பய வேல செய்யுதவன்தான், தைரியமாக் கட்டிக்க" என்றார்.

எண்பதுகள் முழுக்க அண்ணன் பிறத்தியார் வண்டி ஓட்டினார். அவருடைய மூத்த மகள் பிறந்தபோது அவர் கொல்லத்தில் லோடோடு நின்றார். தந்தி அடித்தும் முதலாளி விடவில்லை. "பிள்ளை எங்கயும் ஓடிறாது. லோடு எறங்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் வந்து சேர்ந்தபோது குழந்தைக்குப் பேர் வைத்தாகிவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "இனி ஒருத்தன்கிட்டக் கேட்டுக்கிட்டு வீட்டுக்கு வரமாட்டேன்" என்று மட்டும் அதனிடம் சொன்னார். அண்ணன் மனைவி, எங்கள் மதினி காதில் அது விழுந்தது. என் காதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு வாங்கியதுதான் அந்த லாரி. பல கை மாறி, பல நிறம் மாறி, பட்டறையோடு நாங்களும் அண்ணனும் குடிவந்திருந்த ராஜபாளையத்தில், எங்கள் வீட்டுக்கு எதிரே வந்து நின்றது. ஆலங்குளத்தில் சிமெண்ட் ஏற்றுவார்; செங்கோட்டை வழியாகப் போய்ப் புனலூர்ப் பக்கம் இறக்குவார். அங்கே காலையில் போய்ச் சேர்ந்தால்தான் சுமைக்காரர்கள் மூட்டையைத் தொடுவார்கள். மதியம் தாண்டினால் மறுநாள்தான். நடுவில் புளியரை ஏற்றம் இருக்கிறது. மலை தன் இடுப்பை ஒடித்து வளைந்துகொள்ளும் இடம். அங்கே அண்ணனின் வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு, கறுப்பாய்ப் புகைந்துகொண்டு, ஒரு நோயாளி படியேறுவதுபோல் ஏறும்.

தொண்ணூறுகளில் டர்போ வண்டிகள் வந்தன. டர்போ என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. இன்ஜினை விட்டு வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதை மாட்டிய தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசல் நன்றாய் எரியும், இழுவை கூடும். அந்த வண்டிகள் விசிலடித்துக்கொண்டு அண்ணனைத் தாண்டிப் போயின. போகிறபோக்கில், "ஏ அண்ணாச்சி, எறங்கித் தள்ளி விடணுமா?" என்று ஒருவன் கேட்டானாம். "நீ முன்னாடி போயி டீ சொல்லி வையி, ஆறுததுக்குள்ள வந்துருதேன்" என்றாராம் அண்ணன். வீட்டில் வந்து சொல்லும்போது நாங்கள் சிரித்தோம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

லோடு பிடித்துத் தரும் புரோக்கர் ஒருநாள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்: மெதுவாகப் போகிற வண்டிக்கு இனிச் சிமெண்ட் இல்லை. விருதுநகரிலிருந்து ஒருவர் லாரியை விலைக்குக் கேட்டார். நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார். "வண்டிய நான் எடுத்துக்கிடுதேன். உள்ளூர் நடை ஓட்டலாம். டிரைவரா நீங்களே இருங்க, வேற ஆளு எதுக்கு?" என்றார். தன் வண்டிக்குத் தானே சம்பளக்காரன். அண்ணன் அவரை அனுப்பிவிட்டு நேரே என் வீட்டுக்காரரின் பட்டறைக்கு வந்தார். "மாப்ள, பழைய டர்போ ஒண்ண இந்தக் கெழவிக்கு மாட்ட முடியுமா?"

புது டர்போ வாங்க வழியில்லை. ராஜபாளையத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர். அவரும் அண்ணனும் ஒருவரை ஒருவர் தெலுங்கில் 'பாவா', அதாவது மச்சான், என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவர் கிடங்கில் விபத்தில் நொறுங்கிய டர்போ வண்டி ஒன்று வந்து கிடந்தது. அதிலிருந்து டர்போவையும் அதோடு சேர்ந்த புகைக்குழாயையும் கழற்றினார்கள். தண்டை விரலால் சுழற்றிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "கொஞ்சம் ஆட்டம் இருக்கே பாவா" என்றார் அண்ணன். "உங்களுக்கும் எனக்குந்தான் ஆட்டம் வந்துருச்சு. நம்மள யாராவது தூக்கிப் போட்டாங்களா?" என்றார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் இணைப்புத் தகடு கடைந்தார். எண்ணெய் போகும் குழாய் ஒரு டிராக்டரிலிருந்து வந்தது. காற்றுக் குழாய்க்கு ரேடியேட்டர் ரப்பர் ஓஸை வெட்டி வளைத்தார்கள். எண்ணெய் வடியும் குழாய் மட்டும் பெரியதாக, நேர் கீழாக இறங்க வேண்டும் என்று இருவரும் பிடிவாதமாக நின்று மூன்றாம் தடவைதான் திருப்தியானார்கள். டீசல் பம்பில் அளவைக் கொஞ்சம் கூட்டிவைத்தார்கள். முதல் லோடு போய்வந்த அண்ணன் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, கீழே இறங்காமல் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் சொன்ன சிரிப்பு அதுதான். "ரெண்டாம் கியர்ல ஏறுது மாப்ள! புளியரைல ரெண்டாம் கியரு!"

அந்தச் சந்தோஷம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. விசில் கரகரத்தது. புகை நீலமானது. இன்ஜின் ஆயில் ஊற்ற ஊற்றக் காணாமல் போனது. ஒருநாள் ஏற்றத்தின் நடுவில் டர்போ அலறி, அப்படியே நின்றுவிட்டது. பழையபடி முதல் கியர். பழையபடி முனகல். விருதுநகர்க்காரர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அண்ணன் "வரட்டும்" என்றுவிட்டார்.

டர்போவைப் பிரித்துப் பட்டறைத் தரையில் பரப்பியிருந்தார்கள். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மதினி தூக்குவாளியை இறக்கிவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். தண்டைச் சுற்றிக் கறுப்பாய், கெட்டியாய், ஓடுபோல ஏதோ படிந்திருந்தது.

"என்னங்க இது, பால் அடிப்பிடிச்ச சட்டி மாதிரி இருக்கு?"

"ஆயிலு கருகியிருக்கு மதினி" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓடுத ஆயிலு எப்பிடிக் கருகும்? கிண்டிக்கிட்டே இருந்தா அடிப்பிடிக்காதுல்லா. கிண்டுதத நிறுத்துனாத்தான பிடிக்கும்."

என் வீட்டுக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். இன்ஜின் ஓடும்வரைதான் டர்போவுக்குள் எண்ணெய் ஓடும். ஏற்றத்தில் நெருப்பாய்ப் பழுத்த டர்போவைச் சற்று நேரம் ஆறவிடாமல் இன்ஜினை அணைத்தால், உள்ளே நின்ற எண்ணெய் அங்கேயே வெந்துவிடும்.

"மச்சான், ஏறி முடிச்சதும் எங்க வண்டிய அணைக்கிய?"

அண்ணன் கருகிய தண்டைக் கையில் எடுத்தார். எங்கே என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏற்றம் முடியும் இடத்தில், கோட்டைவாசல் கருப்பசாமி முன்னால்.

எல்லா டிரைவர்களும் அங்கே கும்பிடுவார்கள். பாதிப் பேர் ஓடுகிற வண்டியிலிருந்தே கையெடுப்பார்கள். அண்ணன் அப்படியில்லை. முன்பு ஒருமுறை, முதலாளி வண்டியில் உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியதுமே பிரேக் போய், கரையில் உரசி உரசி வந்த வண்டி கருப்பன் இருக்கும் இடத்தருகே தானாக நின்றது. அன்றிலிருந்து அந்த இடம் வந்ததும் முதல் வேலையாக ஸ்டாப்பர் கம்பியை இழுத்து இன்ஜினை அணைத்துவிடுவார். பிறகுதான் கால் கீழே படும். 'எனக்கு உயிர் கொடுத்த இடத்தில் என் வண்டி இரையக் கூடாது' என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட நேர்த்திக்கடன். பக்தியாய் அணைத்த ஒவ்வொரு தடவையும் டர்போ உள்ளே கருகியிருக்கிறது.

"இனிமே செத்த நேரம் ஓடவிட்டு அணைங்க மச்சான்."

"அவரு முன்னாடி உறும விடச் சொல்லுதியா?"

"அப்பம் அவரத் தாண்டிப் போயி நிறுத்துங்க."

"தாண்டிப் போகவா?" அண்ணன் எழுந்தே விட்டார். "என்னைக் காப்பாத்துனவரத் தாண்டிப் போகவா மாப்ள? வண்டிய வித்துட்டுப் போறேன். அது பரவாயில்ல."

மதினி தூக்குவாளியைத் திறந்தார்கள். "விக்கணும்னா வித்துக்கோங்க. வித்துட்டு விருதுநகர்க்காரவியகிட்ட லீவு கேட்டுக்கிட்டு வீட்டுக்கு வாங்க. இப்பம் சாப்பிடுங்க."

அண்ணன் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு பாவாவின் கடைக்குத்தான் போனார். இன்னொரு டர்போவின் நடுப்பாகம், தண்டோடும் சக்கரங்களோடும் முழுசாகக் கிடைத்தது. பழைய ஓட்டுக்குள் அதைப் பொருத்தினார்கள். இதுவும் கருகினால் அடுத்தது கிடையாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமைக்கு முந்தின லோடுக்கு மதினியும் நாங்களும் கூடவே ஏறிக்கொண்டோம். துணைக்குத்தான் என்று சொன்னோம். அவர் என்ன செய்வாரோ என்ற பயம்தான் உண்மை. புளியரையில் வண்டி இரண்டாம் கியரில் ஏறியது. மலை எங்களை மடியில் தூக்கித் தூக்கி மாற்றி வைத்தது. மூட்டைகளின் கனம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. விசில் மட்டும் மெல்லிசாய், ஒரே சீராய், காதோடு காதாகப் பேசிக்கொண்டே வந்தது.

கருப்பன் முன்னால் வண்டி நின்றது. அண்ணனின் கை பழக்கத்தில் ஸ்டாப்பர் கம்பிக்குப் போனது. என் வீட்டுக்காரர் தடுக்க எழுந்தார். மதினி அவரைக் கண்ணாலேயே உட்கார வைத்தார்கள். "அவிய வண்டி. அவிய சாமி." கம்பியைப் பிடித்த கை அப்படியே இருந்தது. பிறகு விட்டது. இன்ஜின் ஓட ஓட அண்ணன் இறங்கி, செருப்பைக் கழற்றி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். குற்றம் செய்துவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளைகூட அப்படி நடக்காது.

பூசாரி தட்டோடு வந்தார். "என்ன, இன்னைக்கு உம்ம வண்டி இரையுது?"

"கொஞ்சம் ஓடணும் சாமி. அணைச்சா உள்ள கருகிருதாம். அவரு கோவிச்சுக்கிடுவாரா?"

பூசாரி ரோட்டைப் பார்த்தார். இரண்டு லாரிகள் ஏர்ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போயின. "ராவும் பகலும் இம்புட்டுச் சத்தத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் உக்காந்துருக்காரு. கோவிச்சுக்கிடணும்னா எப்பமோ எந்திச்சுப் போயிருப்பாரு வேய். நீரு கும்பிடும்."

அண்ணன் கும்பிட்டார். முன்பெல்லாம் கற்பூரம் ஏற்றி, விபூதி பூசி, உடனே வண்டிக்குத் திரும்பிவிடுவார். அன்றைக்கு இன்ஜின் ஆறும்வரை நிற்க வேண்டியிருந்தது. நின்றார். கற்பூரம் அணைந்த பிறகும் நின்றார். யாரிடமும் சொல்ல நேரம் கிடைக்காத எத்தனையோ விஷயங்கள் அவருக்குள் இருந்திருக்க வேண்டும். உதடு அசைந்துகொண்டே இருந்தது. வண்டிக்கு வந்து கம்பியை இழுத்தபோது மலை முழுவதும் ஒரே அமைதி. இலைகள் ஒன்றை ஒன்று தொடும் ஓசை கேட்டது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்ளோ நாளு அவசர அவசரமாத்தான் கும்பிட்டிருக்கேன் போல" என்றார்.

வெள்ளிக்கிழமை விருதுநகர்க்காரர் வந்தார். அண்ணன் அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, "வண்டி குடுக்கதா இல்லங்க. வந்தவிய சாப்பிட்டுத்தான் போகணும்" என்றார். அவரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த நடுப்பாகம் கடைசிவரை கருகவில்லை. பார்வை மங்கியபோது அண்ணன் தாமாகவே ஆள் பார்த்து, தாமாகவே நாள் பார்த்து லாரியைக் கொடுத்தார். பிறகு சர்க்கரை நோய் காலில் தொடங்கிச் சிறுநீரகத்தில் முடிந்தது. மதுரை மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தும் ஒரு நர்ஸைக்கூட அதட்டவில்லை. மதினியின் கையைப் பிடித்தபடியே போனார்.

இரத்தம் கொடுத்த லாரி ஸ்டாண்டுத் தம்பிகளுக்கும், மதுரையில் எங்களுக்கு ஆக்கிப்போட்ட சம்பந்தி வீட்டாருக்கும், சேதி கேட்டுக் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்த பாவாவுக்கும், கூடவே இருந்து மதினியைத் தாங்கும் மூத்தவளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மற்ற எல்லோருக்கும் ஒன்று. இதை வாசிக்கும் உங்களில் அந்த லாரியில் ஏறாதவர்கள் குறைவு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலையில் இருக்கும் நம் பெருமாளைப் பார்க்க ஏறியிருப்பீர்கள். சீர்வரிசையோடு ஏறியிருப்பீர்கள். வலியெடுத்த மகளை மடியில் சாய்த்துக்கொண்டு ஏறியிருப்பீர்கள். வந்து கேட்டதும் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்திருப்பார். "செத்த இருங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருதேன்" என்று அவர் உங்களில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கேட்பதற்கு அவருக்கு மேலே ஆள் இருந்ததில்லை. அப்படி அவரிடம் வண்டி கேட்டு வந்த உங்களுக்கும், கேட்காமலே கடைசியில் தோள்கொடுத்து அவரைச் சுமக்க வந்த உங்களுக்கும், தங்கையின் வணக்கம்.