முள் நின்ற இடம்

நான். கட்டிலில் என் தங்கை, நிமோனியா. அடுத்த கட்டிலில் துணிக்கடை பாய், மூச்சிழுப்பு. பக்கத்தில் அவர் மனைவி, கையில் விசிறி. டாக்டருக்குப் பதிலாக எல்லாம் பார்க்கும் யாழ்ப்பாணத்து டிரெசர் ஒருவர். அவ்வளவு பேர்தான்.

கிள்ளானுக்கு வெளியே சின்ன ஆஸ்பத்திரி. ஜப்பான்காரன் காலம். மருந்து கிடையாது. ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு இருந்தன. ஒன்று காலையிலிருந்து தங்கைக்கு ஓடிக்கொண்டிருந்தது. முழுசாக இருந்த மற்றது பாய்க்கு. வேறு வேண்டுமென்றால் கோலாலம்பூரிலிருந்து லோரி வர வேண்டும். இரவு வரும் என்றார்கள்.

மத்தியானம் டிரெசர் பாயின் சிலிண்டரை உருட்டி வந்தார். அப்போதுதான் தங்கையின் மீட்டரைப் பார்த்தேன். காலையில் முள் நூற்றிருபதில் நின்றது. இப்போது அறுபது.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் எனக்கு சோடா கம்பெனியில் வேலை. சோடாவுக்கு ஏற்றும் காஸ், சிலிண்டருக்குள் தண்ணீர் மாதிரிக் கிடக்கும். அது தீரும்வரை முள் அசையாது. இறங்க ஆரம்பித்தால் கதை முடிந்தது, அடுத்ததை மாட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த சிலிண்டர் அதுதான்.

"ஐயா, இது முடிஞ்சிருச்சு. அந்தப் புதுச இங்க மாட்டுங்க."

"பாதி கிடக்கு தம்பி. முள்ளு பாதியெண்டால் காத்தும் பாதி."

"சோடாக் கம்பெனியில வேல பாத்தவன் நான். சிலிண்டரப் பத்தி எனக்கேவா? கால் மணி நேரம் தாங்காது இது. நீங்க மாட்டுறீங்களா, நான் மாட்டவா?" ஸ்பானரை எடுத்துவிட்டேன்.

"சோடாக் கொம்பனியிலை வைத்தியமும் படிப்பிச்சவையோ?" என்றார் டிரெசர்.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டே கையைத் தூக்கினார். "குடுத்துருங்க ஐயா. வயசுப் புள்ள. எத்தன பேருக்கு கெஜத்துல கொறச்சு அளந்திருப்பேன். இன்னைக்கு எனக்கு அளக்குறாங்க." சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

புதியதைத் தங்கைக்கு மாட்டினோம். பழையது பாய்க்கு. கால் மணி நேரம் தாங்காது என்று நான் நம்பியதைத்தான் அவர் பக்கம் தள்ளினேன்.

டிரெசர் இரண்டையும் ஒரே அளவில் திறந்து வைத்தார். கால் மணி நேரம் போனது. காற்று போகும் தண்ணீர்ப் போத்தலில் பாயின் பக்கம் குமிழி நிற்கவில்லை. சாயங்காலம்வரை நிற்கவில்லை. டிரெசர் போகும்போதும் வரும்போதும் மீட்டரைப் பார்ப்பார். என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

விளக்கு வைக்கும் நேரம் அந்தக் குமிழி நின்றது. பாயின் நகம் நீலமாகிவிட்டது. தங்கை தன் மூக்குக் குழாயை அவளே உருவி நீட்டினாள்.

"மொதல்ல அவருக்கு வைங்கண்ணே. பெறகு எனக்கு."

லோரி வரும்வரை அந்த ஒரு குழாய் இரண்டு கட்டிலுக்கும் மாறி மாறிப் போனது. இருவரும் பிழைத்தார்கள். பாய் பிறகு தங்கைக்குப் பாவாடைத் துணி கொடுத்தனுப்பினார். அவர் கடை இருக்கும் தெருவில் நான் நடப்பதில்லை.

அன்று விளக்கு வைத்த நேரம், தங்கையின் குழாயை நான் முதல் தடவை பாயின் மூக்கில் வைத்தபோது அவர் மனைவி என்னைத்தான் கேட்டார். அவருக்கு எண் படிக்கத் தெரியாது. சிலிண்டர் தெரிந்தவன் நான்தானே.

"தம்பி, இதுல எவ்வளவு இருக்கு?"

முள்ளைப் பார்த்தேன்.

அறுபது.