தண்ணீரில் எடை போட்ட கல்

ஈர மிளகின் வாசனை விரலில் ஏறினால் லேசில் போகாது. செம்மேட்டுச் சந்தை என்றால் எனக்கு இன்னும் அந்த வாசனைதான்… அதோடு ஒரு மஞ்சள் கல்.

அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊருக்குப் பாதை வெட்டிய இடத்தில் அது கிடைத்தது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது, பித்தளை மினுமினுப்பு. கேலவரைட் என்ற கனிமத்தைப் பற்றி நூலகப் புத்தகத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். தங்கமும் தெல்லூரியமும் சேர்ந்தது, மிக அரிது. பித்தளை மஞ்சள், நல்ல கனம்… எல்லாம் பொருந்துவதாகப் பட்டது.

வகுப்பில் சொல்லியும்விட்டேன். அறிவியல் கண்காட்சிக்கு அட்டைகூட எழுதியாகிவிட்டது. கேலவரைட், கண்டெடுத்தவர் என்று என் பெயர்.

தெல்லூரியம் உடம்பில் சேர்ந்தால் மூச்சில் பூண்டு நாறும் என்றும் அந்தப் புத்தகத்தில் இருந்தது. அதைத் தோழி செல்வியிடம் சொன்னது தப்பு. தினமும் காலையில், "வாய ஊது புள்ள, பாக்கலாம்" என்பாள்.

பைரைட்டும் பார்க்க இதே போலத்தான் இருக்கும். வெறும் இரும்பும் கந்தகமும். ஆனால் அது கண்ணாடியைக் கீறும், கேலவரைட் கீறாது. ஒரு நிமிட வேலை. கல் கெட்டுவிடும் என்று சாக்குச் சொல்லி ஒத்திப்போட்டேன். உண்மையில் பயம்.

கண்காட்சிக்கு முதல் நாள் சந்தை. மிளகு வாங்கும் சாதிக் பாய் எப்போதும் ஒரு கைப்பிடியைத் தண்ணீர்க் குண்டாவில் போட்டுப் பார்ப்பார். மிதந்தால் சொத்தை. மூழ்கினால்தான் மேற்கொண்டு பேச்சு.

அதைப் பார்த்தபோது புத்தகத்தின் இன்னொரு வரி நினைவுக்கு வந்தது. கேலவரைட் தண்ணீரைப்போல் ஒன்பது மடங்கு கனம், பைரைட் ஐந்து மடங்கு. தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட்டால் தெரிந்துவிடும்; குறையும் எடைதான் கல்லின் அளவுள்ள தண்ணீரின் எடை. கல் பைக்குள்தான் இருந்தது. இனி ஒத்திப்போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

"ஏனுங்க பாய், இதக் கொஞ்சம் எட போட்டுத் தாங்க. ஒருக்கா வெளிய, ஒருக்கா தண்ணிக்குள்ள."

"தண்ணிக்குள்ள எட போட்டா ஏவாரம் வெளங்கிரும் கண்ணு" என்று சிரித்தபடியே கொக்கித் தராசை நீட்டினார்.

நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஐந்நூறு கிராம். தண்ணீருக்குள் நானூறு. குறைந்தது நூறு. ஐந்நூறில் நூறு ஐந்து முறை…

மறுபடி போட்டேன். மூன்றாவது முறையும் போட்டேன். ஐந்துதான்.

"ஒம்போது வரோணும்னயே" என்றாள் கூட வந்திருந்த செல்வி. முதல் முறையாக அவள் கேலி செய்யவில்லை. "ஆருக்குத் தெரியப் போவுது? அட்டைய அப்படியே வெச்சுரு."

"எனக்குத் தெரியுமில்ல."

பாயிடம் தராசை ஒரு நாள் இரவல் கேட்டேன். குண்டாவையும் சேர்த்துக் கொடுத்தார். பழைய அட்டையில் கேலவரைட்டை ஒரே கோடாக அடித்து, கீழே பைரைட் என்று எழுதினேன். அடித்தது எல்லோருக்கும் தெரியட்டும் என்று அழிக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் எடை போட்டுக் காட்டினேன். முதலில் முகம் சுட்டது… பத்தாவது ஆளுக்குச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. பரிசு வேறு யாருக்கோ போனது.

இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரியில் நிலவியல் படிப்பது என்று தீர்மானித்துவிட்டேன். மேசையில் அந்தக் கல், அந்த அட்டை. வழியில் கிடைக்கும் கற்களையெல்லாம் இன்றும் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுகிறேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அன்று ஒன்பது வர வேண்டும் என்று பிடித்தேன். இன்று தராசு ஆடக் கூடாது என்று.