இரண்டு தடியும் இல்லாமல்

என் அக்காவின் முதல் வருட நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். இதை என் பிள்ளைகளை எதிரே உட்கார வைத்துச் சொல்வதுபோல எழுதுகிறேன். அதனால் அவர்கள் கூப்பிட்டபடி அத்தை என்றே எழுதுகிறேன். பிள்ளைகளே, நீங்கள் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். பரவாயில்லை, நிதானமாகப் படியுங்கள். எட்டாவதோடு நின்ற நானும் நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அத்தை நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே உள்ள நம் ஊரிலேயே பிறந்தவர். நம் தெருவில் அப்போது யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. விதைக்கவும் களையெடுக்கவும் அறுக்கவும் அடுத்தவர் கொல்லைக்குத்தான் போக வேண்டும். நைனாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தது அத்தைதான். மாமா மெட்ராஸுக்கு வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு காலமானார். அத்தைக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "கீறானே ஒருத்தன், இவனுக்குச் சோறு போடவே பத்தல" என்று என்னைக் காட்டிச் சிரித்துவிடுவார்.

மழைக்காலம் போய் வெயில் ஏறினால் கொல்லையில் கூலி வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் நம் தெருவில் அடுப்பு எரிந்தது கப்பல் வேலையால்தான். கப்பலுக்கும் நம் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். புத்தூர் மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக வேர்க்கடலைக் காய் வரும். பெண்கள் அதை உடைத்துப் பருப்பெடுத்து, சொத்தையும் சுருங்கலும் நீக்கிக் கொடுப்பார்கள். வாடகை வண்டியில் நான் மண்டியில் இறக்குவேன். பருப்பு மெட்ராஸ் போய்க் கப்பலேறும். அது போய்ச் சேரும் நாட்டின் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. அந்த நாட்டில் விலை ஏறினால் மெட்ராஸ் வியாபாரி, மண்டிக்காரர், ஏஜெண்டு எல்லாரையும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்தால் எங்கள் தெருவுக்கு வரும். விலை இறங்கினால் மட்டும் நேராக எங்கள் தெருவுக்கே வந்துவிடும்.

காயை உடைப்பதற்கு எங்களுக்கு ஒரு வழி இருந்தது. முதல் நாளே தண்ணீர் தெளித்துச் சாக்கு போட்டு மூடி வைப்பார்கள். ஓடு ஊறிவிடும். மறுநாள் குவித்துப் போட்டுத் தடியால் தட்டினால் பருப்பு உடையாமல் கழன்று வரும். ஊரெல்லாம் அப்படித்தான் செய்தார்கள்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த சமயத்தில் மண்டிக்குப் புதிதாக ஓர் ஏஜெண்டு வந்தார். சுப்பையா என்று பெயர். பழைய ஏஜெண்டு தமிழ் பேசுவார். இவர் வடக்கேயிருந்து வந்தவர், சுத்தத் தெலுங்கு. எங்களுக்கும் சந்தைக்குத் தேவையான தெலுங்கு வரும். எண்ணத் தெரியும், பேரம் பேசத் தெரியும், திட்டினால் நன்றாகவே புரியும். அவர் முதல் தடவை தெருவுக்கு வந்தபோது பெண்கள் எல்லாரையும் நிற்க வைத்து, "தடி லேகுண்டா கொட்டண்டி, தடி லேகுண்டா" என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

"கொட்டண்டி" என்றால் அடித்து உடையுங்கள், "லேகுண்டா" என்றால் இல்லாமல். அது எல்லாருக்கும் தெரியும். தடிதான் நம் தமிழ்ச் சொல்லாயிற்றே.

"இன்னாக்கா இந்த ஆளு, தடி இல்லாம உடைக்கச் சொல்றான்? பல்லால கடிக்கறதா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா.

அத்தை யோசித்தார். "தடி பட்டுப் பருப்பு உடையுதுன்னு பார்க்கறாரு போல. கையால நசுக்கிக்கலாம்டி. இன்னும் ரெண்டு குடம் தண்ணி சேர்த்து ஊத்து, நல்லா ஊறட்டும்."

அப்படியே செய்தார்கள். தடியையெல்லாம் கூரையில் செருகிவிட்டு, முன்னைக்கு இரண்டு மடங்கு தண்ணீர் விட்டார்கள். பருப்பு ஒன்றுகூடப் பிளக்காமல் முத்து முத்தாக வந்தது. அத்தைக்கு அவ்வளவு பெருமை. நானும் பெருமையாகத்தான் வண்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.

மூட்டைகள் மெட்ராஸ் வரை போய்த் திரும்பி வந்தன. உள்ளே பச்சையாகப் பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. இனிமேல் இந்த ஊர்ப் பருப்பு வேண்டாம், காயை மெஷினில் கொடுத்துக்கொள்கிறோம் என்று மண்டியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். வெயில் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது.

அத்தை மறுநாளே புறப்பட்டார். முனியம்மா அக்காவும் கூட வந்தார். நான் வண்டி ஓட்டினேன். மண்டியில் சுப்பையா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஐயா, நீங்க சொன்னபடிதான செஞ்சோம்? ஒரு தடியக்கூடத் தொடலியே" என்றார் அத்தை.

சுப்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பி வந்த மூட்டை ஒன்றில் கையை முழங்கை வரை விட்டு, ஒரு பிடி பருப்பை அள்ளி அத்தையின் முன்னால் நீட்டினார். "சூடம்மா! இதி தடி காதா? லோபல அந்தா தடே!" பாரம்மா, இது தடி இல்லையா, உள்ளே முழுக்கத் தடிதான் என்று கத்தினார்.

அத்தை மூட்டையைப் பார்த்தார், பருப்பைப் பார்த்தார், அவருடைய கையைப் பார்த்தார். "எங்கய்யா தடி?"

"இதே! இதே தடி!"

"இன்னாக்கா," என்று முனியம்மா அக்கா காதைக் கடித்தார், "மூட்டைக்குள்ள தடி கீதாம். நீ போட்டியா, நான் போட்டேனா?"

எடை போடுகிறவர் இரண்டு பாஷையும் தெரிந்தவர். தராசை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யம்மா, அவரு சொல்றது ஈரம்மா. தெலுங்குல ஈரத்துக்குத் தடின்னு பேரு. ஈரம் இல்லாம உடைன்னாரு, நீங்க கட்டையத் தூக்கிப் போட்டுட்டுக் கொளத்தையே ஊத்திட்டீங்க."

அவர் சுப்பையாவுக்கும் விளக்கிச் சொன்னார். கோபத்தில் இருந்த மனிதருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மண்டியே சிரித்தது. சிரிக்காமல் நின்றது அத்தை ஒருவர்தான். சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, "தப்பு எங்க காதுல நடந்துபோச்சு. அதுக்காகத் தெருவையே பட்டினி போடாதீங்க. ஒரே ஒரு பாரம் குடுங்க" என்றார்.

சுப்பையா உடனே சம்மதிக்கவில்லை. எடை போடுகிறவர் மூலமாகத்தான் பேச்சு நடந்தது. காய்ந்த காயைத் தடியால் அடித்தால் பருப்பு பிளக்கும், பிளந்ததும் கப்பலுக்கு ஆகாது என்றார் சுப்பையா.

"அப்போ அந்தத் தடியும் வேணாம், இந்தத் தடியும் வேணாம். காஞ்சதக் கையாலயே உரிச்சுத் தரோம். ஈரமோ பிளவோ கண்டீங்கன்னா கூலியே வேணாம், நாங்களும் வர மாட்டோம்" என்றார் அத்தை.

வண்டியில் திரும்பும்போது முனியம்மா அக்கா அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். "காஞ்ச ஓட்டக் கையால உரிக்கறதுக்கு வெரலு இன்னா இரும்பாக்கா?"

"மெஷினு இரும்புதான். ஆனா அதுக்கு வயிறு இல்லடி. நமக்குக் கீது" என்றார் அத்தை.

பிள்ளைகளே, அந்தப் பாரத்தைத் தெருவே உட்கார்ந்து உரித்தது. ஆண்களும் உரித்தோம். காய்ந்த ஓடு கட்டை விரலின் சதையைக் கிழிக்கும். பழந்துணியைச் சுற்றிக்கொண்டால் பிடி கிடைக்காது. அவிழ்த்தால் எரியும். அத்தையின் இரண்டு கட்டை விரலும் வீங்கிப்போய், சோறு பிசைய முடியாததால் நான் பிசைந்து வைத்தேன். முனியம்மா அக்கா, "ஏண்டாப்பா, அந்த ஊர்க்காரனுங்களுக்குக் கல்லக்காய உரிச்சுத் துன்னக்கூடத் தெரியாதா?" என்று பார்க்காத நாட்டை வைதுகொண்டே உரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கை மட்டும் நிற்கவில்லை.

பாரம் போயிற்று. திரும்பி வரவில்லை. சுப்பையா ஒரு நாள் தெருவுக்கே வந்தார். பாராட்டி ஒன்றும் சொல்லவில்லை. வண்டியிலிருந்து முன்னைப்போல் இரண்டு பங்கு மூட்டையை இறக்கச் சொன்னார். போகும்போது அத்தையைப் பார்த்து, தமிழில், "ஈரம் ஒத்தும்மா" என்றார். ஒத்து என்றால் வேண்டாம். பாதித் தமிழாவது கற்றுக்கொண்டாரே என்று அத்தை வெகுநாள் சொல்லிச் சிரிப்பார்.

அதன் பிறகு எல்லை பிரித்தார்கள். திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று, நாம் ஆந்திராப் பக்கமே நின்றோம். சொந்தக்காரர்கள் பாதிப்பேர் வேறு ராஜ்யத்தார் ஆனார்கள். அந்தக் கலவரப் பேச்சுகளுக்கு நடுவிலும் மூட்டை வருவதும் பருப்பு போவதும் நிற்கவில்லை. பிறகு வருஷங்கள் கழித்து மெஷின் பெருகித்தான் அந்த வேலை நின்றது. அதற்குள் தெருவில் சில குடும்பங்கள் குத்தகைக்கு நிலம் பிடித்துவிட்டன. அத்தை முதலில் குத்தகைக்கும், பிறகு அதே நிலத்தைச் சொந்தமாகவும் பிடித்தார். கடலைதான் போட்டார். நீங்கள் படித்தது அந்த நிலத்தால்தான். ஆனால் வேலை நின்றபோது நிலம் பிடிக்க முடியாமல் போனவர்கள் பெங்களூருக்கும் மெட்ராஸுக்கும் கூலிக்குப் போனார்கள். அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருப்பதியில் காலேஜில் படிக்கும் பெரியவன் ஒரு விடுமுறையில் அத்தையைக் கேட்டான். விளைபொருளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஏழை நாட்டில் வறுமை குறையும் என்று பாடத்தில் இருக்கிறது, உங்களுக்குக் குறைந்ததா என்று. அத்தை, "கொறஞ்சுதுடா. கப்பல்ல ஏத்துனதால இல்லாத வேலை வந்துச்சு. ஆனா நாங்க உரிச்சதுல ஒரு பருப்புகூட வாயில போட்டதில்ல. போட்டா எடை கொறையும். அதையும் எழுதிக்கோ" என்றார். அவன் பரீட்சையில் எழுதினானா என்று தெரியாது. நான் இங்கே எழுதிவிட்டேன்.

அத்தையின் கடைசி நாட்கள் திருப்பதி ஆஸ்பத்திரியில் கழிந்தன. இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், ரத்தம் கொடுத்த, பெரியவனுடைய காலேஜ் சிநேகிதர்களுக்கும், ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து வந்து போன தெருக்காரர்களுக்கும், எல்லை தாண்டி வந்து தோள் கொடுத்த திருத்தணி உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முனியம்மா அக்காவுக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அவர் ஒரு நாள் நம் நிலத்துக் கடலையை வேகவைத்துத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு வந்தார். அத்தை அதற்கு முன் சாப்பாட்டையே ஒதுக்கியிருந்தார். முனியம்மா அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு காயாக உரித்து, பருப்பை விரலால் மசித்தார். அத்தை கண்ணைத் திறந்து, "இது எந்த மண்டிக்குடி?" என்று மெதுவாகக் கேட்டார். நினைவு கொஞ்சம் முன்பின்னாக இருந்தது.

"எந்த மண்டிக்கும் இல்லக்கா. உன் நெலத்துது. துன்னு."

அத்தை வாயைத் திறந்தார்.