வாலில் ஒரு 'லி'

நேற்று என் மகள் பள்ளியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அடிக்கோடிட்ட சொல் அட்வெர்ப்பா, அட்ஜெக்டிவா, பார்ட்டிசிபிளா என்று எழுத வேண்டுமாம். மூன்றாவது வாக்கியத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. 'ஹார்ட்லி'. இத்தனை வருஷம் கழித்து மீஞ்சூரில் இரண்டாவது மாடி ஏறி வந்திருக்கிறது, அந்தச் சனியன்.

இந்த இங்கிலீஷ்காரனுக்கு ஓர் ஒழுங்கு உண்டா, சொல்லுங்கள். நம் தமிழில் பெயரைப் பிடித்தால் பெயரெச்சம், வினையைப் பிடித்தால் வினையெச்சம். கவிழ்ந்த படகு, கவிழ்ந்து கிடந்தது. காதே சொல்லிவிடும். அவனிடம் 'ஃப்ரெண்ட்லி' என்று வாலில் லி வைத்துக்கொண்டு அட்ஜெக்டிவ் உட்கார்ந்திருக்கும். 'ஃபாஸ்ட்' லியே இல்லாமல் இரண்டு வேலையும் பார்க்கும். 'குளோஸ்டு' என்றால் யாரோ மூடியதா, சும்மா மூடிக் கிடப்பதா என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் மீனவக் குப்பமான கோட்டைக்குப்பத்தில் அந்த வருஷம் பிளஸ் டூ தேறியவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் வேறு. வாத்தியார் கொடுத்த சூத்திரம் ஒன்றே ஒன்று. அழகோடு 'ஆக' சேர்த்தால் அழகாக. அதுபோல அவனுக்கு 'லி'.

ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தை அப்போது மணல் அடைத்துக்கொண்டது. படகைத் தள்ளிக்கொண்டுபோய், அலை உடைகிற இடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். தூர்வாரச் சொல்லி ஊர்க்காரர்கள் மனு கொடுக்கப் போனார்கள். புது அதிகாரிக்குத் தமிழ் வராது, இங்கிலீஷில் கொண்டுவாருங்கள் என்று ஆபீஸில் திருப்பி அனுப்பினார்களாம். எங்கள் வீட்டு வாசலில் பத்துப் பேர் வந்து நின்றார்கள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் கடலுக்குப் போய்கினு இருக்கோம்னு எழுதும்மா. அதான் முக்கியம்," என்றார் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

கஷ்டம் என்றால் ஹார்ட். கஷ்டப்பட்டு? லி சேர்த்தேன். 'வி ஆர் ஹார்ட்லி கோயிங் டு சீ.' அடிக்கோடு வேறு போட்டேன். பழவேற்காடு கடைத்தெருவில் மூன்று ஜெராக்ஸ் எடுத்தோம். சூடான தாளை நைனா மோந்து பார்த்து, "இங்கிலீசு வாசனை," என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தமிழில்! 'மீனவர்கள் கடலுக்குச் செல்வதே அரிது எனத் தங்கள் மனுவிலேயே தெரிவித்துள்ளதால், தூர்வார வேண்டிய அவசியம் எழவில்லை.'

அகராதியைப் புரட்டினேன். ஹார்டும் லி இல்லாமலே இரண்டு வேலையும் பார்க்கிற ரகமாம். லி சேர்த்தால் 'அநேகமாக இல்லை' என்று அர்த்தமே குப்புற விழுந்துவிடுமாம். அடப்பாவிகளா! இவ்வளவு நல்ல தமிழில் பதில் எழுதத் தெரிந்தவர்களுக்கு மனுவை மட்டும் எதற்கு இங்கிலீஷில் கேட்கத் தோன்றியது?

மறுபடி தமிழில் மனு எழுதி, இயந்திரம் வந்து சேர்வதற்குள் ஒரு பருவம் போய்விட்டது. அந்தப் பருவத்தில்தான் மணல் திட்டருகே எங்கள் படகு கவிழ்ந்து நைனாவின் வலது தோள் நொறுங்கியது. வலை இழுக்கிற கை. அதன்பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை.

"நீ இன்னா பண்ணுவ? அந்த எழுத்து அப்படி," என்றார். திட்டியிருந்தால் தேவலை. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அதற்கப்புறம் தூர்வாரினார்கள், மணல் வந்தது. மறுபடி வாரினார்கள், மறுபடி வந்தது. எங்கள் தெருப் பையன்கள் இப்போது மீஞ்சூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். நைனாவும் இல்லை. என் தம்பியின் படகு எஞ்சின் சாக்கு போர்த்திக் கிடக்கிறது.

"இத வச்சு ஒரு சென்டென்ஸ் சொல்லும்மா," என்றாள் மகள், தாளில் 'ஹார்ட்லி'யைத் தொட்டுக் காட்டி.

வாயில் வந்தது அதே வாக்கியம்தான். அவள் அப்படியே எழுதிக்கொண்டு, "இது கரெக்டாம்மா?" என்று நிமிர்ந்தாள்.

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இப்போது அதில் ஒரு தப்பும் இல்லை.