வளைந்துகொண்டே இருந்த கம்பி

ஏழாம் வகுப்பில் நான் யாரையும் நம்பியதில்லை. வாடகை நூலகத்துத் துப்பறியும் கதைகள் செய்த வேலை அது. எங்கள் கும்மிடிப்பூண்டி வீட்டிலோ துப்பறிய ஒன்றும் கிடைக்காது. பால் திரிந்தால் பூனையை விசாரிப்பேன். கடைசியில் உண்மையான வழக்கே வந்து சேர்ந்தது.

துபாய் அத்தை கொண்டுவந்த ரிமோட் படகு, தண்ணீரில் விட்டதும் குளிர்ஜுரம் வந்ததுபோல உதறியது. மோட்டாரையும் பின்னாலுள்ள விசிறியையும் இணைக்கும் மெல்லிய கம்பி வளைந்திருந்தது. காணும் பொங்கலன்று அதை ஏரியில் ஓட்டிக் காட்டுவதாகப் பெரியப்பா மகனிடம் சவால் விட்டிருந்தேன். ஓடாவிட்டால் படகு அவனுக்கு.

சிப்காட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த, கல்யாணமாகாத சித்தப்பா உதவிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்னை வண்டியில் ஏற்றிப் புதுவாயல் லேத் பட்டறைக்குக் கூட்டிப்போனார். அங்கே சின்ன வேலைகளையெல்லாம் பட்டறைக்காரரின் மகள்தான் பார்ப்பாள். அந்த அக்கா கம்பியை ஒரு கண்ணாடித் துண்டின்மேல் உருட்டினாள். எங்கே எம்பியதோ அங்கே சின்னச் சுத்தியால் தட்டினாள். வீட்டுத் தொட்டியில் படகு சத்தமில்லாமல் ஓடியது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் உதறல்.

"இன்னா பாப்பா, திரும்பியும் ஒதறுதா?" என்றாள் அக்கா. கேள்வி எனக்கு, பார்வை சித்தப்பாவுக்கு.

"துபாய் சாமானுங்க. ஒரு வாரங்கூட தாங்க மாட்டேங்குது, பேஜாரு" என்றார் சித்தப்பா. தலையைப் படிய வாரி, பவுடர் போட்டு வந்திருந்தார். அதைக்கூட நான் கவனித்தேன். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று தள்ளிவிட்டேன்.

மூன்றாவது முறையும் உதறி, அக்கா நிமிர்த்திக் கொடுத்த பிறகு பொறி வைத்தேன். கதையில் வருவதுபோல, படகின் மூடிக்குக் குறுக்கே என் தலைமுடி ஒன்றை ஒட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் முடி அறுந்திருந்தது, உள்ளே கம்பியைக் காணோம். கட்டில் பக்கம் எட்டிப் பார்த்தால், சித்தப்பா பிளையரோடு உட்கார்ந்து, குழந்தைக்கு நகம் வெட்டுகிற பதமையுடன் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. பெரியப்பா மகனிடம் விலைபோய்விட்டார்!

மறுநாள் பட்டறையில் அவர் டீ வாங்கப் போன நேரம் பார்த்து அக்காவிடம் போட்டுக்கொடுத்தேன். "அக்கா, சித்தப்பாதான் வளைக்கறாரு. என் கண்ணால பாத்தேன்."

அக்கா லேத்தை நிறுத்தினாள்.

"தெரியும் பாப்பா."

உள்ளே போய் வேறொரு கம்பி கொண்டுவந்து, அதை விரலால் வளைத்து விட்டாள். துள்ளி நேரானது. "இது ஸ்பிரிங் கம்பி. வளைச்சாலும் நேராப் பூடும். இனிமே இதுக்கோசரம் இங்க வரத் தேவையில்ல. உங்க சித்தப்பாகிட்ட நீயே குடுத்துடு."

வெற்றிப் பெருமிதத்தோடு கொடுத்தேன். சித்தப்பா அதை ஒருமுறை வளைத்துப் பார்த்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். வாங்கிவந்த டீ மேஜையிலேயே இருந்தது.

காணும் பொங்கலன்று படகு ஏரியைக் கிழித்துக்கொண்டு போனது. பெரியப்பா மகன் முகம் தொங்கியது. சித்தப்பா கரையில் நின்றிருந்தார், கைதட்டவில்லை. கையூட்டு வாங்கியவர் முகம் அப்படித்தான் இருக்கும் என்று முடிவுகட்டி வழக்கை மூடினேன். அக்காவிடமிருந்து அவருக்கு வந்த பதிலைத்தான் நான் ஏரி முழுக்க ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரையும் சந்தேகப்பட்டிருப்பேன்.