பச்சை பிடித்த திருகாணி

காலை எட்டு இருபத்தைந்து. ஆய்வுகூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை என் மேசையிலிருந்த கம்பிச்சுருளின் இரண்டு பித்தளைத் திருகாணிகள். இரண்டிலும் பச்சைக் களிம்பு. துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த கட்டடம் அது. வாடைக்காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் பூசிவிட்டுப் போகும்.

உயர்தரப் பௌதிகவியல் செய்முறைப் பரீட்சை. கம்பியின் தடையைக் காணவேண்டும். இதில் தவறினால் பாடமே போய்விடும். வருடாவருடம் அதே கம்பிகள்தான். விடை ஐந்து ஓம் என்று மூத்த மாணவிகள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பக்கத்து மேசையில் என் சிநேகிதி. கிளிவெட்டியிலிருந்து வந்து, டவுனில் சின்னம்மா வீட்டில் தங்கிப் படித்தவள். ஒரே ஒரு தரம் எழுதத் தகப்பன் விட்டிருந்தார். சரிவராவிட்டால் கல்யாணம், மாப்பிள்ளை பேசியாகிவிட்டது.

சுற்றை இணைத்து, ஆளியை மூடி மின்னைப் பாயவிட்டேன். அம்பியர்மானி 0.2, வோல்ற்றுமானி 1.4. வகுத்தால் ஏழு. களிம்பின் தடையும் கம்பியின் தடையோடு சேர்ந்துகொண்டது.

அவள் எழுந்து நின்றாள். "சேர், தேய்க்க மண்கடதாசி ஒரு துண்டு தருவீங்களோ? திருகாணி பச்சை பிடிச்சுக் கிடக்கு."

வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் தலை நிமிரவில்லை. "தந்ததை வைச்சுச் செய்யுங்கோ பிள்ளை. கதைக்க ஏலாது."

நான் 1.4ஐ 1.0 என்று எழுதினேன். மற்ற வாசிப்புகளையும் ஐந்து வரும்படி கணக்குப் பார்த்து நிரப்பினேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எத்தினை போட்டனீ?"

"ஏழு."

"விசரே உனக்கு? அஞ்செண்டு ஊருக்கே தெரியும்."

"உனக்கு எத்தினை வந்தது?"

"மேசையில ஏழு. பேப்பரில அஞ்சு."

அவள் சிரிக்கவில்லை.

பெறுபேறு வந்தபோது அவள் செய்முறையில் தவறியிருந்தாள். இருவரும் எங்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம் போனோம். அவர் அவள் அளந்த அதே கம்பியை எடுத்து, திருகாணிகளை மண்கடதாசியால் தேய்த்து, மறுபடி அளந்தார். ஐந்து.

"களிம்பு இருந்ததெண்டு எழுதினீங்களோ?" என்று அவளைக் கேட்டார்.

"ஓம் சேர். என்ன நிறமெண்டும் எழுதினனான்."

அவர் மண்கடதாசியை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

மறுநாள் துறைமுகத்திலிருந்து இரண்டரை மணிக்கு மூதூர் போகும் லோஞ்சில், இரண்டு பெட்டிகளுடன் அவள் ஊருக்குப் போனாள். எனக்குக் கம்பஸில் இடம் கிடைத்தது.