மாலையை விழுங்கிய கார்

போன ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில், மொட்டை வெயிலில், ஒரு கிலோமீட்டர் தூரம் குனிந்துகொண்டே நடந்தேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் குனிந்துகொண்டே நடந்தார்கள். எதிரே வந்த கார்க்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "செயின் தொலைஞ்சுடுச்சா?" என்று அனுதாபமாகக் கேட்டார். தேடியது பூமாலை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

முதலில் சபேசனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அணுமின் நிலையக் குடியிருப்பில் எனக்கு மேல் வீட்டு இன்ஜினியர். வயது முப்பத்தாறு. அலுவலகத்தில் கெட்டிக்காரன் என்று பெயர். சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் — கார்.

பழைய கார்தான். ஆனால் அதற்குள் ஒரு சூப்பர்சார்ஜரை மாட்டி வைத்திருக்கிறான். ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றியதாம், புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் பிடித்தான். சூப்பர்சார்ஜர் என்றால் பயப்பட வேண்டாம்... இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற பம்ப், அவ்வளவுதான். நாம் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, போதும் என்றாலும் விடாது. காற்று நிறைய உள்ளே போனால் பெட்ரோல் நிறைய எரியும், வண்டி பறக்கும்.

இதில் ஒரு சிக்கல். காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான காற்றில் சத்து குறைவு. ஆகவே உள்ளே போகும்போதாவது அது குளிர்ந்த காற்றாக இருக்க வேண்டுமாம். என்ன செய்வது? சபேசன் பானெட்டில் ஓட்டை போட்டான். ஓட்டைக்கு மேல் தவளை வாய் மாதிரி ஒரு தகரக் கூண்டு, முன்பக்கம் பார்த்துத் திறந்தபடி. வண்டி வேகமெடுத்தால் எதிர்காற்று தானாக வந்து மோதி அதற்குள் புகுந்துகொள்ளும்.

எங்கள் குடியிருப்பில் கணக்குப் போடுவதற்கா ஆள் பஞ்சம்? அணுவைப் பிளப்பவர்கள் ஒரு காரை விடுவார்களா? நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் அந்த மோதலில் கிடைக்கிற கூடுதல் அழுத்தம் அரை சதவீதம்கூட வராது என்று, வாக்கிங் போகும்போதே நிரூபித்துவிட்டார்கள். சபேசன் அசரவில்லை. "இருநூறுல போனா நாலு மடங்கு ஆகும் சார்" என்றான். மாடு குறுக்கே வருகிற ரோட்டில் இருநூறு.

அதோடு, ஏ.சி.யைக் கழற்றி எறிந்துவிட்டான். அது இன்ஜினின் பலத்தைத் தின்கிறதாம். ஆக, அந்தக் காரில் குளிர்ந்த காற்று இன்ஜினுக்கு மட்டும். உட்கார்ந்திருக்கிற மனிதர்களுக்கு? கைக்குட்டை.

இந்தக் கார் இதுவரை மூன்று வரன்களைத் தட்டிவிட்டிருக்கிறது. திருப்போரூர்ப் பெண் வீட்டில் இவன் காற்றின் அடர்த்தியை விளக்கி முடிப்பதற்குள் காபியும் ஆறிவிட்டது, பெண்ணும் உள்ளே போய்விட்டாள். இன்னொரு இடத்தில் பெண்ணின் அப்பாவை 'ஒரு ரவுண்டு' கூட்டிப் போனான். அவர் இறங்கியதும் நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார். மூன்றாவது இடத்தில் என்ன நடந்தது என்று அவன் சொல்வதே இல்லை.

அவனுக்கு இருப்பது ஓர் அக்கா. பெயர் வசந்தா. அப்பா அம்மா இல்லாத தம்பிக்கு ஒரு கல்யாணம் செய்துவைத்துவிட வேண்டும் என்று திருச்சியிலிருந்து மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருகிறவர். இந்த முறை செங்கல்பட்டில் ஒரு வரன். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் பெண் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. "அதுக்கு முன்னாடி திருவிடந்தைப் பெருமாளைப் பார்த்துட்டுப் போயிடுவோம். அண்ணா, நீங்களும் வாங்க. இவன் வாயைத் திறக்காம பார்த்துக்க ஒரு ஆள் வேணும்" என்றார் என்னிடம்.

திருவிடந்தை வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் தள்ளிப் போகிறவர்கள் மாலை வாங்கிக் கொடுத்தால், பெருமாளுக்குச் சாத்தித் திருப்பிக் கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று. பிறகு வீட்டுக்கு எடுத்துப் போய், கல்யாணம் நடக்கிற வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சபேசன் ஒழுங்காகச் சுற்றினான். ஏழாவது சுற்றில் அவன் முகத்தைப் பார்த்தேன்... நிஜமாகவே வேண்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது.

வெளியே வந்ததும் மாலையை எங்கே வைப்பது என்று பிரச்சினை. சீட்டில் வைத்தால் உட்கார்ந்த இடம். கீழே வைத்தால் கால் படும். டிக்கியில் ஸ்பேர் டயரும் பழைய செருப்பும். "பானெட்ல கட்டிடுவோம். புது வண்டிக்குக் கட்டறதில்லையா?" என்றார் வசந்தா.

"காத்து போற வழி அது. அடைக்கக் கூடாதுக்கா."

"இத்தனை வருஷம் காத்துக்குத்தானேடா வழி விட்டே. இன்னிக்கு ஒரு நாள் பொண்ணுக்கு வழி விடு."

தகரக் கூண்டின் இரண்டு பக்கமும் நாரை முடிந்து, தவளை வாய்க்குக் கீழே தொங்குகிற மாதிரி கட்டினோம். கட்டியதில் ஒரு முடிச்சு என்னுடையது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரோடு காலியாக இருந்தது. சபேசனின் கால் அதுவாகவே அழுத்தியது. மாலை துடித்தது, எழும்பியது... அடுத்த கணம் காணோம்.

வண்டியை ஓரங்கட்டினோம். பறந்து விழுந்துவிட்டது என்று நினைத்தோம். அதற்குத்தான் அந்தக் குனிந்த நடை. இளநீர் விற்கிற அம்மாவிடம் வசந்தா கேட்டார்.

"இங்க இன்னாவும் வுழலம்மா. காலைலேந்து நா இங்கதான் குந்திகினு கீறேன். உங்க வண்டிதான் புஸ்ஸுனு போச்சு."

வசந்தா அழ ஆரம்பித்துவிட்டார். கோயில் நடை சாத்தியாகிவிட்டது. இன்னொரு மாலைக்கு வழியில்லை. பெருமாள் கொடுத்ததை ரோட்டில் தொலைத்துவிட்டுப் பெண் பார்க்கப் போவதா? தம்பிக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்றே முடிவு செய்துவிட்டார்.

கிளம்பினால், வண்டி இழுக்கவில்லை. பின்னால் கரும்புகை. சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தார். சபேசன் காரணங்களை அடுக்கினான். வெளிக்காற்றின் வெப்பம். கடல் ஈரப்பதம். பிறகு பெட்ரோலில் கலப்படம். இன்ஜினியர் அல்லவா? ஒரு கோளாறுக்கு மூன்று காரணமாவது வேண்டும். திணறித் திணறித் திருக்கழுக்குன்றத்துக்கு வந்து சேரும்போது மணி மூன்றேகால்.

நல்லவேளையாக ஒரு ஒர்க்‌ஷாப் திறந்திருந்தது. மெக்கானிக் புகையைப் பார்த்தார், தவளை வாயைப் பார்த்தார்.

"இன்னா சார், மூச்சு வுட முடியாம கீது வண்டி?"

சபேசன் ஈரப்பதத்திலிருந்து ஆரம்பித்தான். மெக்கானிக் அதைக் காதில் வாங்காமல் தவளை வாய்க்குக் கீழே இருந்த ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டார். துளசி வந்தது. சாமந்தி வந்தது. நாரோடு ஒரு கொத்து வந்தது.

"யார் சார் ஃபில்டருக்கு மாலை போட்டது? வண்டிக்கா கல்யாணம்?"

நானும் சபேசனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அரை சதவீதக் காற்று ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக வேலை செய்திருக்கிறது. ஒரு முழு மாலையை உறிஞ்சியிருக்கிறது.

வசந்தா ஓடி வந்தார். "கீழ விழலைல்ல? யார் காலும் படலைல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்று தெரிந்ததும், புடவைத் தலைப்பை விரித்து ஒவ்வொரு இதழாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டார். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது.

மெக்கானிக் சபேசனிடம் சொன்னார். "ஃபில்டர் இருந்ததால தப்பிச்சே. ஆனா நார் எங்கயாவது பூந்துகினு கீதான்னு பைப்பெல்லாம் கழட்டிப் பாக்கணும். பாக்காம ஓட்டுனா பம்ப் பூடும். ரெண்டு அவர் ஆவும்."

மணி மூன்று இருபத்தைந்து. இரண்டு மணி நேரம் இருந்தால் வண்டி பிழைக்கும், வரன் போகும். சபேசனின் காரை அவனைத் தவிர யாரும் ஸ்பேனரால் தொட்டதில்லை. பானெட்டைத் துடைக்க என் கைக்குட்டையைக்கூட அனுமதிக்காதவன் அவன். இப்போது பானெட்டைப் பார்த்தான். தலைப்பில் பூவோடு நின்ற அக்காவைப் பார்த்தான்.

"செங்கல்பட்டு பஸ் எங்க நிக்கும்?" என்று மெக்கானிக்கிடம் கேட்டான். கேட்டுக்கொண்டே சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

பஸ்ஸில் செம கூட்டம். நாலு இருபதுக்குப் பெண் வீட்டு வாசலில் நின்றோம், மூன்று பேரும் கசங்கிப்போய். பெண்ணின் அப்பா எங்களை வரவேற்றபடியே எங்களுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். "வண்டி... தெரு முனையில நிறுத்திட்டீங்களா?"

"பஸ்ல வந்தோம்" என்றான் சபேசன். அவர் முகம் விழுந்துவிட்டது. வசந்தாவின் முகமும்தான். போயிற்று, நாலாவது வரன் என்று நானும் நினைத்தேன்.

பெண் பெயர் சுமதி. தாம்பரத்தில் வேலை. தினமும் எலக்ட்ரிக் ட்ரெயினில் போய் வருகிறவர். காபியை வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

"தரகர் உங்க காரைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினார். உங்களைப் பத்தி அஞ்சு நிமிஷம். வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன்" என்றார் நேராக. "ஏன் பஸ்ல வந்தீங்க?"

நான் சபேசனின் காலை மிதிக்கத் தயாராக இருந்தேன். காற்றின் அடர்த்தியை ஆரம்பித்துவிடுவானோ?

"வண்டி ரிப்பேர். சரி பண்ணற வரைக்கும் காத்திருந்தா நாலரை தாண்டிடும். அதான் அங்கேயே விட்டுட்டேன்" என்றான். அத்தோடு நிறுத்திக்கொண்டான். மிதிக்க வேண்டியிருக்கவில்லை.

சுமதி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். ராகு காலம் முழுக்கப் பேசினார்கள். நானும் பெண்ணின் அப்பாவும் வாசலில் நின்று, அங்கே இல்லாத காரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை காலை சபேசன் எங்கள் அலுவலக பஸ்ஸில் ஏறினான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சம்மதமாம் சார்" என்றான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வண்டி என்ன ஆயிற்று, ரெடியாகிவிட்டதா என்று கேட்டேன்.

"எந்த வண்டி சார்?" என்றான்.